முகவரி முழுமையாக இல்லை

விடிகாலை மூன்று நாற்பதுக்கு வந்தது:
உங்கள் பொட்டலம் கிடங்கில் நிற்கிறது.
முகவரி முழுமையாக இல்லை.
ஒரு யூரோ தொண்ணூற்றொன்பது சென்ட் கட்டவும்.

அந்தக் கிடங்கில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

டார்ட்டு நகரத்தின் விளிம்பில்,
வெளியே மைனஸ் பத்தொன்பது,
உள்ளே நிற்காமல் ஓடும் பட்டையருகே
எட்டு வருடமாகப் பொட்டலம் பிரிக்கிறவள்.
முகவரி சரியில்லாதவை எங்கே போகும் என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
நான்காம் தூணுக்குப் பக்கத்து நீலக் கூண்டுக்கு.
வெள்ளிதோறும் ஊர்வே வந்து
ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கிப் பார்த்து
எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில்
ஒரு சீட்டு எழுதி ஒட்டுவாள்.
காசு கேட்க மாட்டாள்.
இங்கே யாரும் காசு கேட்டதில்லை.

ஆனாலும் என் கட்டைவிரல் போனது.

கெர்ட்டுவின் பனிக்காலணி வரவேண்டியிருந்தது.
பழையதில் ஈரம் ஏறுகிறது என்று
காலுறைமேல் ரொட்டிப் பையைச் சுற்றிக்கொண்டு
பள்ளிக்குப் போகிறாள் ஒரு வாரமாக.
கேட்டதோ இரண்டு யூரோகூட இல்லை,
இயந்திரம் துப்பும் காபியின் விலை.
பெரிய தொகை என்றால் விழித்திருப்பேன்.
சின்னத் தொகை தாலாட்டுகிறது.

முன்பெல்லாம் இந்தத் திருடர்களுக்கு
வேற்றுமை உருபு வராது.
எங்கள் மொழியின் பதினான்கு வேற்றுமையில்
எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ
இடறி விழுந்துவிடுவார்கள், நாங்கள் சிரிப்போம்.
இந்தச் செய்தியில் ஒரு பிழை இல்லை.
என் மகளின் கட்டுரையைவிடச் சுத்தம்.

பக்கம் திறந்தது,
நான் போட்டிருந்த மேலங்கியின் அதே ஆரஞ்சில்.
அட்டை எண் கொடுத்தேன்.
முதல் ரகசிய எண், நான்கு இலக்கம், கொடுத்தேன்.
அது கதவைத் தட்டுவது.
இரண்டாவதைக் கேட்டது, ஐந்து இலக்கம்.
அது கையெழுத்து.
வீட்டுக் கடனுக்குப் போட்டிருக்கிறேன்.
விவாகரத்துக்குப் போட்டிருக்கிறேன்.
ஒரு காபிக்கு எதற்கு?

விரலை எடுத்துவிட்டு
அப்போதுதான் மேலே பார்த்தேன், முகவரியை.
முகவரி வாசிப்பதுதான் என் பிழைப்பு.
எங்கள் நிறுவனப் பெயரில் ஓ இருக்கும் இடத்தில்
ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது,
வாயைத் திறந்துகொண்டு.

வங்கியை அழைத்தேன்,
அட்டையின் முதுகில் இருந்த எண்ணில்.
எதையோ மென்றுகொண்டே ஒரு பையன் பேசினான்.
பூட்டிவிட்டேன் என்றான்.
வேறெங்காவது எண் தட்டினீர்களா என்றான்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

ஐந்து மணிக்கு ஹெய்னோவிடம் சொன்னேன்,
பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால்.
பளுதூக்கி வண்டியின் எஞ்சினை அணைத்தான்.
வேலை நேரத்தில் அவன் அணைத்து நான் பார்த்ததில்லை.
போன வசந்தத்தில், என்றான்.
நானூற்றுப் பத்து.
லியாவிடம் படகு மோட்டார் பழுது என்று சொன்னேன்.
இன்னும் அந்த மோட்டாரைப் பற்றி விசாரிக்கிறாள்.
மறுபடி எஞ்சினைக் கிளப்பிப் போய்விட்டான்.

ஓய்வறையில் பணிநேரம் எழுதும் வெள்ளைப் பலகையில்
மூலையில் எழுதினேன்:
நாங்கள் காசு கேட்பதில்லை.
தெரிந்தும் நேற்றிரவு பாதிவரை போனேன்.
மாரிகா, மூன்றாம் பட்டை.

காலையில் அதன்கீழ் 410. பெயர் இல்லை.
புதன்கிழமை, 60.
பிறகு பேனா முனை நசுங்கும்படி
அழுத்தி எழுதிய 1200.
பிறகு, என் அப்பா, எல்லாம்.

வியாழன் பட்டையில் காலணி வந்தது.
முகவரி முழுமையாக இருந்தது.
ஒரு அளவு சின்னது.

வெள்ளிக்கிழமை பலகையின் அடியில்
கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும்படி
எறும்பு ஊர்ந்த எழுத்தில், 85.

மேற்பார்வையாளர் ராணர் துணியோடு வந்தார்,
அடுத்த வார அட்டவணை எழுத.
கொஞ்ச நேரம் நின்றார்.
துணியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு
எங்கள் பெயர்களையெல்லாம்
வலது ஓரத்தில், நெருக்கி நெருக்கி, எழுதினார்.